காய்ந்த பிறகும் மினுங்கிய கல்

செவ்வாய். மழை விடவில்லை.

மோட்டார் டிரம்மில் பற்பொடி போட்டு நாள்கணக்கில் உருட்டியும் கல் பளபளக்கவில்லை. அலுமினா பவுடரிலும் மங்கல்தான். இன்று, கார்க் கண்ணாடி தேய்க்கும் சீரியம் பவுடரில் உருட்டிய ஓடைக்கற்களை டிரம்மிலிருந்து எடுத்துக் கழுவினேன். பளபளத்தன! மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த அம்மாவிடம் கத்திக்கொண்டே ஓடினேன்.

"ஈரத்துல எந்தக் கல்லும் மினுங்கும்டி. காய வச்சுக் காட்டு. மங்குச்சுன்னா இன்னையோட டிரம்ம நிப்பாட்டிரு. அது போடுற சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல."

இந்த மழையில் எங்கே காயும்? அம்மா வேலை செய்யும், ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோருக்குக் கூடவே போய், காய் உலரும் தட்டின் ஓரத்தில் ஒரு கல்லை வைத்தேன்.

"காலேஜ விட்டுட்டு கல்லு வறுக்க வந்துட்டியா?" என்று அங்கிருந்த செல்வியக்கா சிரித்தாள்.

எடுத்தபோது சூடாக, துளி ஈரமில்லாமல், அப்படியே மினுங்கியது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, காதுல பஞ்சு வச்சுக்கிறேன். ஓட்டு."

அடுத்த கற்கள் உருள்கின்றன. அம்மா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.