மடங்காத கைக்கு நான் நடத்திய பாடம்

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்படி ஊரறியக் கேட்கிறேன். "எதுக்குடி இந்த ஆர்ப்பாட்டம்?" என்றுதான் சொல்வாய்.

முடக்குவாதம் உன் விரல்களைப் பிடித்தபோது உனக்கு நாற்பத்தொரு வயது. கே.கே. நகர் வீட்டில் காலையில் குழாயைத் திருகக்கூட உன் வீட்டுக்காரர், என் மாமா, வர வேண்டும். நானோ பிசியோதெரபிஸ்ட். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சனிக்கிழமைதோறும் மூட்டுவலிக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பவள். எப்படி எழுவது, எப்படி உட்காருவது, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று நான்கு வாரப் பாடம். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளின் அக்கா படுத்தே கிடக்கிறாள் என்பது எனக்கு அவமானமாக இருந்தது. உன் வலியை நான் நம்பவில்லை. சோம்பல் என்றே நினைத்தேன்.

"வர்றேண்டி, நீ என்னதான் சொல்லித் தர்றேன்னு பாக்குறேன்" என்று நீயாகத்தான் வந்தாய். இரண்டாவது வாரம், முப்பது பேர் முன்னால் உன்னை எழுப்பி நிற்க வைத்தேன். "கையை மூடு" என்றேன். பாதிக்கு மேல் விரல் மடங்கவில்லை.

"பாத்துக்கோங்க. சொன்னதச் செய்யாம சாக்கு சொல்லிட்டிருந்தா இப்படித்தான் ஆகும். இது எங்க அக்காதான்."

சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்படியே போய் பஸ் ஏறினாயே அக்கா, அந்தக் கையால் கம்பியை எப்படிப் பிடித்தாய்?

மூன்றாவது வாரம் நீ வரவில்லை. ஆனால் பத்து நாளில் என் வீட்டு மாடிப்படியைத் துணையில்லாமல் ஏறி வந்தாய். "எக்சர்சைஸ் பண்றேன், பரவால்ல" என்றாய்.

"பாத்தியா? மனசு வெச்சா முடியுதில்ல?" என்று ஜெயித்தவளைப் போலக் கேட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, தெருமுனை மெடிக்கலில் நீயாகவே வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் இரண்டிரண்டாக விழுங்கிவிட்டு வந்திருக்கிறாய். எனக்கு முன்னால் நிமிர்ந்து நடக்க.

இரண்டு மாதம் அப்படி. ஒருநாள் சமையலறையில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தாய். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா சொன்னார்: "மலரு, ஒரு வாரமா வெளிக்கி கறுப்பாப் போவுதுன்னு உங்கக்கா சொன்னா. இரும்புச் சத்து மாத்திரை போட்டா அப்படித்தான்னு விட்டுட்டோம். உன்கிட்ட கேக்கலாம்னேன். வேணாங்க, அவ திட்டுவான்னுட்டா."

வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது, மலம் தார் போல் கறுத்தால் உடனே ஓடி வர வேண்டும். அதுதான் என் நான்காவது வாரப் பாடம்.

போன மாதம் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். மந்தைவெளியில் இட்லிக் கடை வைத்திருக்கும் செல்வி எழுந்தாள். "கூடப் பொறந்தவளையே வாழ விடல. எங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கப் போற நீ?"

இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். செல்வி போகவில்லை. எல்லோரும் கலைந்தபின் பைக்குள்ளிருந்து நாலு அட்டை மாத்திரையை எடுத்து மேஜையில் போட்டாள். "மெடிக்கல்ல குடுத்தான். நாலு மாசமா துன்னுகினு கீறேன். உங்க அக்கா துன்னது இதானா, பாரு."

அதேதான்.

கையோடு அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். வரிசையில் அவளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னோடு அப்படி ஒருநாளாவது உட்கார்ந்திருக்கிறேனா?

அந்த நான்காவது வாரப் பாடத்தை இப்போது முதல் நாளிலேயே நடத்துகிறேன். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். இனி ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் முதலில் நம்புவேன். பிறகுதான் பாடம். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இதைச் செய்வேன் அக்கா. உனக்குத்தான் செய்யவில்லை.

உன் கூடப் பிறந்தும் உன்னை நம்பாத தங்கை,
மலர்