பூனைமுடியில் ரப்பர் பால்

கொல்லம் 1107, மார்கழி 9

எஸ்டேட் துரைசானி நாகர்கோவில் போகும்போது என்னிடம் விட்டுப்போன சடைமுடிப் பூனைக்குட்டி இன்று ரப்பர் பால் வாளியில் தலையை விட்டுவிட்டது. தாடைக்குக் கீழே நீண்ட முடியெல்லாம் பால். பிசுக்குப் போகட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன். பால் அப்படியே கட்டியாக உறைந்துவிட்டது. ரப்பர் ஷெட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வந்து கத்தினார்.

"ஏட்டி, ஆசிட்டு ஊத்தித்தானே நாங்க பாலை உறைய வைக்கோம்? நீ புளிப்பைக் கொண்டு தேய்ச்சியா?"

சீப்பு இறங்கவில்லை. கத்தரியால் வெட்டினேன். குட்டி துள்ளியதில் தோலும் வெட்டுப்பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. சுற்றியிருந்த முடியைச் சீவி இறக்கி மூடிவிட்டேன். பார்த்தால் தெரியாது.

நாளை துரைசானி வருகிறாள். வந்ததும் குட்டியை மடியில் தூக்கிவைத்து முதலில் தாடைக்கடியில்தான் சொறிந்துவிடுவாள்.