நிற்க வைத்து எடுத்த படம்

மார்ச் 3

அக்காவுக்கு,

ஆறு வருஷக் கால்வலிக்கு இன்னைக்குத்தான் பேர் கிடைச்சுது. முல்லர்-வைஸ் நோயாம். ரொம்ப அபூர்வமாம். இதுவரைக்கும் எல்லாரும் படுக்க வெச்சே எக்ஸ்ரே எடுத்து, சுளுக்கு, தட்டைப் பாதம்னு அனுப்பிட்டாங்க. இந்த டாக்டரம்மா, "நிக்கும்போதுதானே வலிக்குது? நின்னுட்டே எடுப்போம்"னாங்க. பாத வளைவு நடுவுல இருக்கற எலும்பு, ரத்தம் ஓடாம நசுங்கிக் கிடக்கு. துணி வெட்டற மேஜை முன்னால இனிமே நிக்கக் கூடாதாம். உங்களுக்குத் தெரியணும்னு எழுதினேன்.

தங்கை

மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சாக்பீஸ் டப்பாவில் அடியில் இருக்கும் துண்டு நொறுங்கியிருந்தாலும் மேலே பார்க்க முழுசாகத்தான் இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் அந்த டப்பாவைத் திறந்தவளுக்கு உன் கால் விஷயத்தில் அது உறைக்கவில்லை. அம்மா என் வீட்டில் படுக்கையில் கிடந்த கடைசி வருஷம், மூன்று மாடி ஏற முடியவில்லை என்றாய். நான் நம்பவில்லை. அம்மா போன அன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "கால்வலி என்று நாடகமாடுகிறாள்" என்றேன். என்னை மன்னித்துவிடு. அந்தப் படத்தில் ஒரு பிரதி அனுப்பு. சித்தப்பாவிடம் காட்டி, என் வாயாலேயே மாற்றிச் சொல்கிறேன். காலை ஊன்றாதே.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

படம் அனுப்ப மாட்டேன்.

அம்மாவைப் பாக்க வந்த நாலு தடவையும் படியில உக்காந்து உக்காந்துதான் ஏறினேன். ஒரு தடவை நீங்க மேலேருந்து எட்டிப் பாத்து, "மகாராணி மெதுவா வர்றாங்க"ன்னு சிரிச்சீங்க. அப்ப படம் இல்ல. நான் இருந்தேன். நான் சொன்னது போதலையா? இப்ப படத்தை நம்பி மன்னிப்புக் கேக்கறீங்க. அதை அந்தப் படத்துகிட்டயே கேட்டுக்கங்க.

மார்ச் 24

சின்னவளுக்கு,

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். "அவளுக்கு வலித்தது நிஜம். நான் சொன்னதுதான் பொய்" என்றேன்.

"ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" என்றார் சித்தப்பா.

"அவள் சொன்னாள்."

"நல்லாருக்கு! டீச்சரா இருந்துட்டு, சொன்னதையெல்லாம் நம்பிடுவியா?" என்று சிரித்தார். சித்தியும் சிரித்தாள். அதற்கு மேல் காட்ட என் கையில் ஒன்றுமில்லை. முகம் சுட, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம்தான். உனக்கு ஆறு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரலாம் என்றிருக்கிறேன். முடியாது என்றால் ஒரு வரி போடு. ஏன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா