இவரு தோளும் என் காலும்

ஜூன் 12, 2024

விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி இவரு வலது தோளில் தேய்த்து, ஸ்டூலில் உட்கார்ந்து காலால் நீவி விட்டேன். தினம் விடியுமுன்னே எழுந்து இருபது நிமிசம். மார்ச்சில் தொடங்கினது. புருசன் மேல் கால் படுகிறதே என்று முதலில் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என் கால்தான் வைத்தியம். ஊர்ச் சுளுக்கெல்லாம் ஓடிப்போகுது, வீட்டுச் சுளுக்கு மட்டும் அசைய மாட்டேங்குது. ஸ்டியரிங் வளைக்க முடியாமல் மூணு வாரமாக ஜீப்பு வாசலில் நிற்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு. முப்பது வருசம் மலையேறின மனுசன். இந்த சீசனுக்குக் கை எழும்பவில்லை என்றால் இவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஜூன் 13

சட்டை போட்டு விட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 19

சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை.

இப்படி ஒரு நாளில்தான் இவரை முதலில் பார்த்தேன். போடிமெட்டுக்கு மேலே தோட்டக்காரர்கள் கட்டிவிட்ட லயத்து வீட்டில் குடியிருந்தோம், எனக்குப் பத்தொன்பது. இவரு ஜீப்பில் கிளீனர். மூட்டை தூக்கிக் கழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நீவி முடிக்கிற வரைக்கும் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரக்கண்ணால பாக்குறவன நம்பாத ஆத்தா" என்று அம்மா சொன்னது. பச்சை ஏலக்காய் காய்கிற வாசம் ஸ்டோரிலிருந்து லயம் முழுக்க வரும். இப்போது குடோனில் நாள் பூரா காய் சலிக்கிறேன், அந்த வாசம் இல்லை. எங்கே போச்சோ.

ஜூலை 3

போடியில் ஒரு ஆசுபத்திரிக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். நர்சு "மொக்கையன்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்தார்.

சுளுக்கே இல்லையாம். தோள் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில், உரசாமல் இருக்க ஒரு சின்னப் பை உண்டாம். தலைக்கு மேலே லோடு ஏற்றி ஏற்றி அது வீங்கிக் கிடக்கிறது. அப்புறம் டாக்டர் கேட்டார், "யாரும்மா இதப் போட்டு அழுத்துனது?" அழுத்த அழுத்தப் புண்ணுதான் ஆகும், நிறுத்தினால்தான் ஆறும் என்றார்.

இவரு தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் என்று நான் சொன்னேன்.

ஜூலை 4

என் காலாலயா? நாலு மாசமா நானேதான் அந்த மனுசன வதைச்சனா? வலிச்சா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா — பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாரே, சுளுக்கு எறங்குதுன்னுல்ல நெனச்சேன். சோறு எறங்கல.

ஜூலை 8

ஆசுபத்திரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லித் தர வித்யா என்ற பொண்ணு. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். துண்டில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிசம் ஒத்தடம். அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. வலி வருகிற அளவுக்கு எதையும் செய்யக் கூடாது என்று என்னைப் பார்த்தே சொன்னாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் காலை நம்பாத, ஆசுபத்திரிக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனாள்.

ஜூலை 14

ஜீப்பைத் துடைத்தேன். கல்யாணமான புதுசில் முன் சீட்டில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போவார். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் இவரு முழங்கை என் மேல் இடிக்கும். ரோடு வளையுது, நான் என்ன செய்ய என்பார். எத்தனை வருசமாச்சு அப்படிப் போய்.

டேஷ்போர்டுக்குள் ஒரு சீட்டு. தேனி ஆசுபத்திரி, ஏப்ரல் 8. கீழே தமிழில்: 'தோளை நீவக் கூடாது.'

எடுத்து இவரு முன்னால் போட்டேன். சண்டை போட்டேன். கிறுக்குப் பிடிச்சிருக்கா, கையே போயிருந்தா என்ன செய்றது என்று கத்தினேன். சீட்டை எடுத்து மடித்தார். அப்புறம் சொன்னார்:

"விடியுமுன்னே நான் மலைக்குப் போயிருவேன், நான் வாறப்ப நீ குடோன்ல இருப்ப. வீட்டுல இருந்தாலும் ஆளுக்கொரு சோலி. அந்த இருவது நிமிசந்தான் புள்ள நீ எம்பக்கத்துல உக்காந்த. வேணாம்னு சொல்ல மனசு வரல."

திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

ஆகஸ்ட் 6

வித்யா சொன்னபடி வலது கை விரலால் சுவரில் ஏறுகிறார், பக்கத்தில் நின்று நான் எண்ணுகிறேன். காலண்டர் ஆணி வரைக்கும் எட்டிவிட்டது.

ஆகஸ்ட் 27

ஜீப்பு மலையேறியது. லோடு ஏற்றுவது வேறு ஆட்கள், இவரு ஸ்டியரிங் மட்டும். திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு வேலையே ஓடவில்லை.

செப்டம்பர் 22

ஞாயிறு. பரணில் இருந்த அண்டாவை வலது கையாலேயே இறக்கிக் கொடுத்தார். முகம் சுளிக்கவில்லை.

காபி கொடுத்தபோது, தோள் தேவலையா மாமா, இன்னும் பயிற்சிக்கு நான் எண்ணணுமா என்று கேட்டேன்.

தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் லேசா வலிக்குது புள்ள" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.