சுவரை ஒட்டி நிற்கும் வண்டி

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே முட்டிக்கொள்கிறோம், அதனால் எழுதுகிறேன். அப்பா காரின் சக்கரங்கள் துருப்பிடித்துவிட்டன, மாற்றியே ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நீ அலாய் வீல் போடச் சொன்னாயாமே? நம்மைவிட மூத்த வண்டியடா அது! உருண்டை விளக்கும் உப்பிய கன்னமுமாக இருக்கிறது. வண்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்த இரும்புச் சக்கரமும், நடுவில் பளபளவென்று ஒரு வீல் கப்பும்தான் அதற்கு எடுப்பாக இருக்கும். அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கமாட்டேன். இரண்டையும் குறைவில்லாமல் செய்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள்.

அன்புடன்,
அக்கா

மே 27

அன்புள்ள அக்கா,

நான் சொன்னது இந்தக் காலத்துப் பெரிய சக்கரம் இல்லை. அந்த வண்டி புதிதாக வந்த நாளிலேயே அதற்கென்று வந்த எட்டுக் கம்பி அலாய். அளவும் பழைய அளவுதான். அப்பா தீர்ப்பு என் பக்கம்! போன வாரம் போய்க் கண்ணாலேயே பார்த்தேன். வண்டியின் மூக்கு வீட்டைப் பார்க்க, ராஜா மாதிரி நிற்கிறது. முன்சீட்டில் ஏதோ பை இருக்கிறதென்று என்னை டிரைவர் பக்கத்துப் பின்சீட்டில் ஏற்றினார்.

நீ ஜூனில் போகிறாய் என்று தெரிந்துதான் முன்னாலேயே போய்வந்தேன். கோபப்படாதே. அம்மா போன பிறகு, அப்பா யாரோடு இருப்பது என்று நாம் கூடத்தில் நின்று கத்தியது அவருக்கு ஒரு தடவை போதும்.

உன்,
தம்பி

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கண் டாக்டரைப் பார். நேற்றுதான் வந்தேன். நான் சொன்ன சக்கரம்தான் மாட்டியிருக்கிறார், வீல் கப்பில் முகம் பார்த்துத் தலைகூடச் சீவிக்கொண்டேன்.

ஒரே ஒரு கவலை. வண்டியின் மூக்கு தெருவைப் பார்க்க, டிரைவர் கதவைத் திறக்கவே முடியாதபடி சுவரை ஒட்டி நிறுத்துகிறார். அந்தப் பக்கம் பூனைகூட நுழையாது. முட்டி வலியோடு என் பக்கத்துக் கதவில் ஏறித் தவழ்ந்து ஸ்டியரிங்குக்குப் போகிறார். "ஏம்பா இந்தப் பாடு?" என்றால், "இதுவும் ஒரு எக்சர்சைஸ்தாம்மா" என்கிறார். கடைக்குப் போனாலும் சுவர் தேடித்தான் நிறுத்துகிறார். வயசாகிறது அவருக்கு.

அக்கா

ஜூன் 21

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். மனுஷன் சிரித்தே விட்டார். "ஒரு பக்கம் உங்களோடது சார், இன்னொரு பக்கம் அக்காவோடது. அளவு ஒண்ணுதான், வண்டி நல்லா ஓடும். ரெண்டு பக்கத்தையும் சேத்து யாருப்பா பாக்கப் போறாங்கன்னு ஐயாதான் சொன்னார்."

முப்பது வருஷம் தையற்கடை வைத்திருந்து, ஒருவரிடமும் "இது உங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்லாத மனுஷர். நம்மிடம் மட்டும் சொல்லிவிடுவாரா?

தம்பி

ஜூலை 2

அன்புத் தம்பி,

விழுந்து விழுந்து சிரித்தேன். "சேத்து யாருப்பா பாக்கப் போறாங்க" என்ற இடத்தைத் திரும்பப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நீயும் நானும் ஒரே நாளில் அந்த வாசலில் நிற்கவே மாட்டோம் என்று அப்பாவுக்கு எவ்வளவு நிச்சயமடா! அதை நம்பித்தானே நாலு சக்கரத்தையும் மாட்டியிருக்கிறார். நம்மால்தான் அந்த முட்டியோடு தவழ்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இருபதாம் தேதி போகிறேன். நீயும் அன்றைக்கே வா. அவர் யாரோடு இருப்பது என்று நாம் பேச வேண்டாம், அவரே சொல்லட்டும். அப்பாவிடம் இப்போது மூச்சுவிடாதே.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆனால் அப்பாவிடம் சொல்லியும் விட்டேன், திட்டாதே. திடீரென்று இருவரையும் பார்த்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவதென்று தவித்துப்போவார், பாவம்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல வரோம்பா" என்றேன். மெதுவாகச் சொன்னார்:

"அப்ப வண்டிய நடுவுல நிறுத்திடறேன்."

உன்,
தம்பி