ரோஜினுக்கு ஒரு வாழ்த்து

ஹோர்சன்ஸ்
டென்மார்க்
5 மே 2024

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை, லூர்தம்மா ரீச்சரும் பக்கத்தில் இல்லை. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். பனிக்காலம் முழுவதும் அதில் இருந்து படித்தேன். பிள்ளைகள் டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மன்னாரில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன் நான். உன் அம்மா இருந்தவரை எல்லாவற்றையும் அவள்தான் எழுதினாள். இப்போது ஞாயிறு பூசை முடிந்து வந்து பேனையைப் பிடித்தால், சோறு ஆறிப்போன பிறகுதான் ஒரு பக்கம் நிரம்புகிறது. ஆனாலும் அது என்னுடைய பக்கம். எழுதியதைத் திரும்ப வாசித்தால் அதிலே நானே கதைக்கிறேன். எவ்வளவு பெரிய வேடிக்கை.

நீ தாதி வேலையை விட்டுவிட்டு அந்தக் குர்திப் பெடியன் செர்ஹாட்டோடு ஈராக் மலைக்குப் போனபோது, "ஒரு இயக்கத்துக்குப் பயந்து ஓடி வந்தவன்ர மகள் இன்னொரு இயக்கக்காரனோட போறாளோ" என்று கத்தினேன். இங்கே கேட்பவர்களுக்கு நீ ஓகூஸ் நகரத்தில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தியின் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்தக் கோபத்தைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

குர்திக் கடைக்கார றஸூலின் ஆட்கள் அடுத்த கிழமை அந்தப் பக்கம் போகிறார்களாம். கடிதத்தை அவரிடம் கொடுக்கிறேன். ரோஜினுக்கு என் முத்தம்.

உன் அப்பா
கிறகோரி

*

6 யூன் 2024

என் அன்பு அப்பா,

மருந்துச்சாலை வாசலில் நின்றபடியே வாசித்தேன். ஊசி போட்டுக்கொள்ள வந்த கிழவி, யாரும் செத்துப்போனார்களா என்று கேட்டாள். அவ்வளவுக்கு அழுதிருக்கிறேன். உங்கள் 'ழ' எல்லாம் ஒரு பக்கம் சரிந்து விழப் பார்க்கிறது. வடிவாகத்தான் இருக்கிறது.

இங்கே கைப்பேசி இல்லாதது உங்களோடு கோபித்துக்கொண்டு அல்ல அப்பா. துருக்கியின் விமானங்கள் எல்லை தாண்டி வந்து செர்ஹாட்டின் ஆட்களைத் தேடுகின்றன. வன்னியில் 'வண்டு' என்று சொல்வார்களே, அதேபோல ஆளில்லாத விமானம் ஒன்று பகல் முழுக்கத் தலைக்கு மேலே இரைகிறது. பிள்ளை அதற்குக் கை காட்டுகிறாள்.

செர்ஹாட் மேலே மலையில்தான் இருக்கிறார். யூலை 14 அன்று ரோஜினுக்கு ஒரு வயது. அன்றைக்கு மட்டும் இறங்கி வருவதாகச் சொல்லி அனுப்பினார். இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். ஒருவரிடமும் சொல்ல வேண்டாம்.

போனமுறை வந்தபோது, "உன் அப்பா என்னை மருமகன் எண்டு யாருக்காவது சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இந்த முறையும் கேட்பார்.

நாங்கள் மூன்று பேரும் நிற்கும் படம் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளை
யசிந்தா

*

ஹோர்சன்ஸ்
14 யூலை 2024

தங்கப் பிள்ளை யசிந்தாவுக்கும், மருமகன் செர்ஹாட்டுக்கும், இன்று ஒரு வயதான என் ரோஜினுக்கும்,

பார்த்தாயா, மருமகன் என்று எழுதிவிட்டேன். உனக்கு மட்டும் அல்ல, ஊருக்கே எழுதிவிட்டேன்.

தமிழ் வானொலிக்குப் பிறந்தநாள் வாழ்த்து கொடுத்தேன். எல்லோரும் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், நான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லையாம், வானொலிப் பிள்ளை சொன்னாள். எழுதியது இதுதான்:

"ஹோர்சன்ஸைச் சேர்ந்த கிறகோரியின் மகள் யசிந்தா, மருமகன் செர்ஹாட் தம்பதிகளின் செல்வப் புதல்வி ரோஜின் தனது முதலாவது பிறந்தநாளை 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஈராக்கில் கனிஸ்பி கிராமத்தில் உள்ள தமது இல்லத்தில் அப்பா, அம்மாவுடன் வெகு சிறப்பாகக் கொண்டாடவுள்ளார். அவரை அன்பு அம்மப்பா வாழ்த்துகிறார்."

"ஊர்ப்பேர் வேணுமோ அண்ணை?" என்று லூர்தம்மா ரீச்சர் கேட்டா. "ஊர்ப்பேர் இல்லாத வாழ்த்து ஆருடைய வாழ்த்து? தமிழிலதானே ரீச்சர், துருக்கிக்காரனுக்கு என்ன விளங்கப்போகுது" என்றேன். அவவும் சிரித்தா. செர்ஹாட் மலையில் இருப்பதைப் பற்றி நான் மூச்சும் விடவில்லை. நீ சொன்னபடியே நடந்துகொண்டேன்.

வாழ்த்தை வெள்ளிக்கிழமையே வாசித்து, நீ அனுப்பிய படத்தோடு முகநூலிலும் போட்டுவிட்டார்கள். இன்று பூசை முடிந்து வெளியே வந்தால் கை குலுக்கக் கூட்டம். மருமகன் நல்ல உயரம் என்று சொன்னார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்திருக்கிறார்களாம். யார் யாரோ தெரியாத மனிதர்கள் கூட.

இனி செர்ஹாட் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

பேருவகையுடன்
அப்பா

*

20 ஓகஸ்ட் 2024

அப்பா,

உங்கள் கடிதத்தைக் காட்டுவதற்கு ஆள் இல்லை.

விடியும்போது வந்தார். ரோஜினைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார். கேக்குக்கு மா எடுக்க நான் உள்ளே போனேன். வண்டு அடித்தது. இரண்டு பேரையும் ஒரே போர்வையில் எடுத்தார்கள், பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் செர்ஹாட்டின் ஆட்கள் வந்தார்கள். ஒருவருடைய கைப்பேசியில் உங்கள் வாழ்த்து இருந்தது. யாரோ அதை மொழிபெயர்த்திருந்தார்கள். விமானக்காரருக்கும் அப்படித்தான் கிடைத்ததோ, எனக்குத் தெரியாது. செர்ஹாட்டின் ஆட்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆளையும் நாளையும் வீட்டையும் காட்டிக்கொடுத்தவன் கிறகோரி என்றார்கள். டென்மார்க்கிலும் தங்களுக்கு ஆட்கள் உண்டு என்றார்கள்.

"என்ர அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது" என்று சொன்னேன். வேறு யாரோ அவர் பெயரில் போட்டது என்றேன். ஹோர்சன்ஸில் விசாரித்தார்கள். உங்களோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்த குர்தியர் ஒருவர், "அந்தாளுக்குத் தன்ர பேரையே எழுதத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பிப் போயிருக்கிறார்கள். மீண்டும் விசாரிப்பார்கள்.

நான் இங்கேதான் இருப்பேன். அவர்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள். உங்களை ஒருவரும் கொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன், வேறு எதற்கும் அல்ல. இனி எனக்கு எழுத வேண்டாம். யாருக்கும் எழுத வேண்டாம். பேப்பரைக் கையில் எடுக்க வேண்டாம். கோயிலில் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுங்கள். தமிழ்ப் பள்ளியில் கேட்டால், படித்தது எல்லாம் மறந்துபோச்சுது என்று சொல்லுங்கள்.

உங்கள் வயதுக்கு நம்புவார்கள்.

யசிந்தா