கையில் நின்ற பந்து

இன்று சாயங்காலம் மைதானத்தில் ஈரத்தோல்பந்தின் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, பாய். ஆட்டம் பார்க்கத்தான் போனேன், சண்டை போட அல்ல. ஆனால் விசில் வைத்திருந்தவன் லட்சணத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. சேற்றில் பந்து வழுக்கித் தடுமாறிய பேத்துப்பாறைக்காரனுக்கு மூன்று தரம் ஊதினான். ஹோட்டல் முதலாளியின் மகன் பந்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, காப்பித் தட்டு கொண்டுபோகிறவன் மாதிரி நாலு எட்டு நடந்தான். அதற்கு ஊதவில்லை. "ஏலே, ஒனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று எழுந்து கத்திவிட்டேன். பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

கூடைப்பந்தில் சட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம். பிடித்து நிறுத்திவிட்டால் மறுபடி தட்டக் கூடாது. தட்டும்போது பந்து உள்ளங்கையில் தங்கக் கூடாது. ஆனால் நம் மைதானம் சரிவு. பந்தோ வாய்க்கயிறு போட்டுக் கட்டிய தோல்பந்து. அந்தக் கட்டு தரையில் பட்டால் கோணலாகத் தாவும். அதனால் விசில் உன் கழுத்தில் இருந்த காலத்தில் நீ பந்தைப் பார்க்கமாட்டாய், ஆட்டக்காரன் கையைப் பார்ப்பாய். ஊதுமுன் ஒரு மூச்சு பொறுப்பாய். "கைதப்பிப் போனதுக்கு ஊதக் கூடாது மாப்ளே. புடிச்சு வச்சதுக்குத்தான் ஊதணும்" என்பாய். பஜாரில் மளிகைக் கடை நடத்தியவனுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ, எனக்குத் தெரியாது. வத்தலக்குண்டிலிருந்து வந்த அணிகள்கூட, பாய் ஊதினால் சரிதான் என்று ஒத்துக்கொண்டன.

அந்த நிதானத்தை என்மேலேயே காட்டினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வத்தலக்குண்டு அணியோடு ஆட்டம், முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. நான் கூடைக்குக் கீழே போய்விட்டேன். விசில் கேட்டது. ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று நான் குதித்தேன்.

"வழுக்கலே. ரெண்டு கையாலயும் புடிச்சே, பெறகு தட்டுனே. பந்தை அவங்ககிட்ட குடு" என்றாய். பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது. தோற்றோம். நீ சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் கூடியது. மூன்று மாதம் உன் கடைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கவுஞ்சியிலிருந்து வரும் எங்கள் பூண்டைக்கூட வேறு கடையில் போட்டேன்.

அந்த மூன்று மாதம் முடிகிற சமயம், சீசனுக்கு மலையேறி வந்த பங்களாக்காரர்கள் அணியோடு நம் பஜார் அணி ஆடியது. அவர்கள் கேப்டன் ஒரு துரையின் மகன். அவனை மறிப்பது என் வேலை. அவன் என்னைத் தாண்டும்போது பந்தைக் கைக்குள் வாங்கி, தாங்கி, மறுபடி தரையில் விட்டான். நீ ஊதினாய். அவன் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆடமாட்டேன் என்று நின்றான். அவர்களுடைய செக்ரட்டரி ஓடிவந்தார். நம் ஊர் மனுஷர்தான், கோட்டு போட்டவர். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீதான பக்கத்துல நின்னே. அவர் கையில பந்து நின்னுச்சா?"

"நான் கவனிக்கலீங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த மனுஷர் உன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, தன்னோடு வந்த ஒருவரிடம் கொடுத்தார். துடைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு நாளாவது நீ பொய்யாக ஊதினதுண்டா? துரைமகன் கை என்றால் அதற்குத் தனிச் சட்டமா? இத்தனையும் இப்போது கேட்கிறேனே, அன்றைக்கு வாயில் என்ன வைத்திருந்தேன்? பங்களாக்காரர்களுக்குப் பயந்தேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சம்தான். மூன்று மாதத்து வன்மம், நீயும் ஒருதரம் பஜார் முன்னால் தலைகுனிந்து நில் என்றது.

அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் உன்னை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கடையிலேயே உட்கார்ந்திருந்தாய். கடைசியில் நானே வந்து நின்றேன். நாலு வசவு விடுவாய், கேட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன். நீ டீக்குச் சொல்லி அனுப்பினாய்.

"அந்தச் சோலிய விடு மாப்ளே. சாரல் மூஞ்சியில அடிச்சிருக்கும். ஒனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாய்.

நானும் தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்தேன். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்ச்சேரும்வரை அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

உன்மேல் எனக்குள்ள கோபம் இதுதான். ஆயிரம் கைகளைச் சரியாகப் பார்த்தவன், எனக்கு மட்டும் ஏன் தப்பாகத் தீர்ப்புச் சொன்னாய்? என் பொய்க்கும் ஊதியிருக்க வேண்டாமா? மன்னிப்புக் கேட்க எனக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டாயே. இப்போது மைதானத்தில் யார் தப்பாக ஊதினாலும் எழுந்து கத்துகிறேன். யார் கேட்டாலும் பார்த்ததைச் சொல்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியது மட்டும் என்னிடமே கிடக்கிறது.

அன்றைக்குச் சாரல் இல்லை, பாய். நல்ல வெயில். பந்து அவன் கையில் நின்றது. நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன்.